மஞ்சள் துணியில் நான் கட்டிப்போட்ட கை

கை கால் வலியோடு அம்மன் வாசலுக்கு வந்துபோகிற உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. அம்மன் எங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்வதானால், நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மாசி மாதம். திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். குண்டு மிளகாய் போட்டிருந்தோம். களத்தில் காய்ந்த வத்தல் மூட்டையைச் சுமந்து வரும்போது என் மனைவி பஞ்சவர்ணம் வரப்பில் சறுக்கி, இடது தோள் தரையில் மோத விழுந்தாள். இரண்டு பேராகத் தூக்கலாம் என்றுதான் முதலில் சொன்னாள். "இத்துனூண்டு மூட்டைக்கு ரெண்டு ஆளாக்கும்?" என்று கத்தியவன் நான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஊருக்கே தெரியும்.

ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சதைதான் அடிபட்டிருக்கிறது என்றார்கள். டாக்டர் அவள் கழுத்திலிருந்து ஒரு தூளி மாட்டிக் கையை அதில் வைத்தார். "பத்து நாள் இப்படி இருக்கட்டும். அப்புறம் கைய அசைக்கணும். எக்சர்சைஸ் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம்தான் சொன்னார். பஞ்சவர்ணம் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஊசி மாத்திரை என்றால் நம்பியிருப்பேன். அடிபட்ட கையை ஆட்டச் சொல்கிறாரே, இவர் என்ன டாக்டர் என்று எனக்கு நினைப்பு.

வந்த வழியிலேயே எங்கள் காளியம்மன் கோயிலில் இறங்கிக் காசு முடிந்தேன். நம் பக்கத்தில் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்தடியில் வைத்துவிட்டு, காரியம் முடிந்ததும் கொண்டுபோய்ச் செலுத்துவோம். நான் அதோடு நிற்கவில்லை. பெரிய துணியாக வாங்கி மஞ்சளில் நனைத்து, காசை அதன் நுனியில் முடிந்து, டாக்டர் போட்ட தூளியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தத் துணியால் அவள் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். "தாயே, ஆடிப் பொங்கலுக்கு உன் சந்நிதியில்தான் இதை அவிழ்ப்பேன்" என்று வேண்டிக்கொண்டேன். அப்படி யாரும் நேர்ந்துகொண்டதில்லை. என் பக்தி மற்றவர்கள் பக்தியைவிட ஒரு படி மேலே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பத்து நாள் போயிற்று. இருபது நாள் போயிற்று. வலி குறையவில்லை. குளித்தாலும் அந்தத் துணியோடுதான். ஈரம் காய்வதற்குள் அக்குளில் தோல் வெந்துபோகும். ரவிக்கை மாட்ட வழியில்லை, சேலை சுற்றவும் ஆள் வேண்டும். விடிந்ததும் தலையை வாரிக் கொண்டை போடாமல் வாசல் பக்கம் வராதவள், தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். நான் சீவிவிட்டால் வைக்கோல் பிரி மாதிரி இருக்கும். "விடுங்க, சாமியாடி மாதிரியே இருந்துட்டுப் போறேன்" என்பாள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் தட்டைப் பிடித்துச் சோறு தின்ன முடியாமல் அவள் அழுததைப் பார்த்தேன். உச்சி வெயிலில் கோயிலுக்கு ஓடினேன். "இனி எனக்கு ஒண்ணும் தெரியலை ஆத்தா. நீயா ஆள் அனுப்பு" என்று கதறினேன்.

திரும்பி வந்தால் வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்கு வாரம் ஒரு நாள் வந்து கை கால் அசைத்துப் பழக்கிவிடுகிறவள். எக்சர்சைஸ் டாக்டரம்மா என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீர் கேட்க வந்தவள் பஞ்சவர்ணத்தின் கட்டைப் பார்த்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாண்ணே கட்டியிருக்கு? தோள் இறுகிப்போயிரும்ணே. இத அவுக்கணும்."

எனக்கு வந்ததே கோபம். "இது சாமி காரியம். நீ கைய வைக்காத. அங்கன போயி ஒன் வேலயப் பாரு" என்று விரட்டிவிட்டேன்.

ஆள் அனுப்பு என்று கேட்டது நான். அனுப்பிய ஆளை வாசலோடு துரத்தியதும் நான்.

அவள் போனதும் பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். "நேந்துக்கிட்டது நீங்க. கட்டிப்போட்டது என் கைய. சாமி குத்தம் வந்தா எனக்கே வரட்டும்" என்றாள். பல்லால் கடித்து, வலது கையால் இழுத்து, முடிச்சை அவளே அவிழ்த்தாள். கை சூம்பியிருந்தது. தூக்கிப் பார்த்தாள். இடுப்புக்கு மேல் வரவில்லை. வலது கையால் தாங்கித் தூக்கினாள், அப்போதும் வரவில்லை.

அப்போதுதான் டாக்டர் சொன்ன பத்து நாள் கணக்கை அவளிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. அவிழ்த்த துணியைச் சுருட்டிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அந்த டாக்டரம்மா வரும் நேரத்துக்கு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டேன். "கும்பிடெல்லாம் எதுக்குண்ணே, வாங்க" என்று அவளே முன்னால் நடந்தாள். முதலில் பஞ்சவர்ணத்தை ராமநாதபுரத்துக்கு அனுப்பி மறுபடியும் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். பிறகு வேலையை ஆரம்பித்தாள்.

"நான் வாரம் ஒருக்காத்தான் வருவேன். மத்த ஆறு நாளும் நீங்கதான்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, சூடு பொறுக்கிற பக்குவத்தில் ஒத்தடம். பிறகு நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோவெடுத்த கையைத் தொங்கவிட்டு மெள்ள ஆட்ட வேண்டும். அப்புறம் சுவரில் விரலை ஒவ்வொன்றாக நகர்த்தி மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் நான் கரிக்கோடு போடுவேன். இழுக்கிற வலி வந்தால் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், பல்லைக் கடிக்கிற வலி வந்தால் இறங்கிவிட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, ஊதி விட வேண்டும்.

நான் பக்கத்தில் நின்று "இன்னும் தூக்கு, தூக்கு" என்று அதட்டுவேன். டாக்டரம்மா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க கத்துறப்ப அவுக தோளப் பாருங்கண்ணே, பயத்துல காதுகிட்ட ஏறிருது. அப்புறம் எப்படி இளகும்? நீங்க அமைதியா இருக்கதும் எக்சர்சைஸ்தான்."

முப்பது வருடக் குடித்தனத்தில் நான் சத்தம் போடும்போது அவள் தோள் என்ன செய்கிறது என்று ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து வாயை அடக்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் கை ஏறுவதைவிட என் குரல் இறங்குவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

கோடுகள் மெள்ள மேலே போயின. சில வாரம் ஒரே கோட்டிலேயே நின்றாள், அழுதாள், வேண்டாம் என்றாள். நான் தினமும் குளித்துவிட்டு அம்மனை வேண்டிக்கொண்டு உப்பு வறுக்கப் போவேன். ஆடிப் பொங்கல் வந்தது. அவிழ்த்த துணியையும் காசையும் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். ஆவணியில் ஒரு காலை, நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனபோது அவள் தானே வாரி, பிடரிக்குக் கையைக் கொண்டுபோய்க் கொண்டை போட்டு முடித்திருந்தாள். கொஞ்சம் கோணல்தான். "என்ன பாக்குறீங்க, அடுப்புல உல வைங்க" என்றாள். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். ஆத்தா கொடுத்துவிட்டாள்.

முழுசாகக் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. நெற்றிக்கு மேல் அந்தக் கை ஏறவில்லை. இவ்வளவு வந்ததே பெரிது, பத்து நாளிலேயே ஆரம்பித்திருந்தால் சுலபமாக வந்திருக்கும் என்றாள் டாக்டரம்மா. அந்த மிச்சம் அம்மன் வைத்த குறை இல்லை. நான் வைத்தது.

வலியோடு இருப்பவர்களே, அம்மனை நம்புங்கள். அவள் கேட்கிறாள், நான் கண்ணால் கண்டேன். ஆனால் அவள் யாரை அனுப்புவாள், எப்படி அனுப்புவாள் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்காக நேர்ந்துகொள்ளுங்கள், அடுத்தவர் உடம்பின் மேல் நேராதீர்கள். டாக்டர் சொன்னதை வீட்டில் மறைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை தீபம் காட்டும்போது எல்லோரும் தலைக்கு மேல் கை குவிக்கிறார்கள். பஞ்சவர்ணத்தின் இடது கை நெற்றியோடு நின்றுவிடும், வலது கை அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் நிற்கும் நானும் நெற்றியோடுதான் கும்பிடுகிறேன். அதற்கு மேல் தூக்க எனக்கு மனம் வருவதில்லை.