புகை போட்ட புத்தகம்

மலாயாவில், பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. விதவையான அத்தை, துரை பங்களாவில் கைக்குழந்தைக்கு ஆயா. துரையின் மூத்த மகள் சீமையில் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுடைய கதைப் புத்தகங்களை அத்தை ஒவ்வொன்றாக முந்தானைக்குள் மறைத்து எனக்குக் கொண்டுவருவாள்.

"பாத்து வெச்சுக்கடி. துரைசானிக்குத் தெரிஞ்சா என் வேல போச்சு."

எல்லாமே பெண்கள் விடுதிக் கதைகள். மிஷன் பள்ளியில் நான் கற்ற ஆங்கிலம் பாதி வரிகளுக்குத்தான் எட்டும். மீதியை ஆசை வாசித்துக்கொள்ளும். ஒரே பாயில் நாலு பேரோடு படுத்த எனக்கு, ஆளுக்கொரு கட்டில் என்பதே பெரிய அதிசயம். சீமைப் பனியைக் கண்டதில்லை, ஆனாலும் அந்தப் பெண்களோடு சேர்ந்து நடுங்கினேன்.

நிஜமாக நடுங்கும் நாளும் வந்தது. மரத்தடியில் வாசித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீடு சேர்வதற்குள் புத்தகம் ஊறிவிட்டது. மறுநாள் அதைத் திருப்பித் தர வேண்டும்.

ஈர ரப்பர் ஷீட்டுகள் புகைக்கூடத்துக்குள் போய் உலர்ந்து வருவதைத் தினமும் பார்க்கிறவள் நான். புத்தகத்தையும் அங்கே ஷீட்டுகளுக்கு நடுவில் கொடியில் தொங்கவிட்டேன். காலையில் எடுத்தபோது உலர்ந்துதான் இருந்தது, கருவாடு மாதிரி. நிறமும் அதுவே, நாற்றமும் கிட்டத்தட்ட அதுவே.

கை கால் ஓடவில்லை. ஆனால் கதைகளில் இதற்கு வழி இருந்தது. தப்புச் செய்த பெண் தலைமையாசிரியை முன்னால் போய் நின்று உண்மையைச் சொல்வாள்; அதோடு எல்லாம் சரியாகிவிடும். அத்தையிடம்கூடச் சொல்லாமல் பங்களாவின் முன்படி ஏறினேன்.

"நான்தாங்க கெடுத்துட்டேன். அத்த மேல தப்பில்லீங்க. எனக்காகத்தான் எடுத்துட்டு வந்தாங்க."

துரைசானிக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள்.

"எத்தன புஸ்தகம் கொண்டு வந்தா?"

"ஏழுங்க." ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

"உண்மை சொன்னே. நல்ல பொண்ணு." கதையில் வருவது போலவே என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். புத்தகத்தையும் எனக்கே கொடுத்துவிட்டாள். பயமெல்லாம் பறந்துபோக வீட்டுக்கு ஓடினேன்.

மத்தியானம் அத்தை தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஒன்னைய அடிச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்ல அத்த. கை குலுக்குனாங்க!"

அத்தை பெட்டியை உள்ளே இழுத்து வைத்தாள். திட்டவில்லை. மறுவாரம் தைப்பிங் டவுனில் யார் வீட்டுக்கோ சமையல் வேலைக்குப் போனாள்.

உண்மையைச் சொன்ன பிறகும் அத்தை ஏன் பெட்டியைத் தூக்கினாள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கதைப் பெண்களில் ஒருத்திக்கும் ஆயா வேலை பார்க்கும் அத்தை இல்லை.