கிக்கர் பாலுசாமி

கோயமுத்தூரில் எங்கள் கணபதிக்கு வந்து பாலுசாமி என்று கேட்டால் எந்தப் பாலுசாமி என்பார்கள். கிக்கர் பாலுசாமி என்று சொல்லிப் பாருங்கள், டீக்கடைக்காரரே எழுந்து வந்து வழி காட்டுவார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகிறோமே, அந்தக் கிக்கரைச் செய்கிற பட்டறை அவனுடையது. வேறு எதையும் செய்யமாட்டான். வடக்கே ஒரு பைக் கம்பெனிக்கு வருஷக்கணக்காக அவன்தான் கிக்கர் அனுப்பினான். பக்கத்து ஷெட் என்னுடையது. அவன் செய்வதற்குக் குரோம் முலாம் போட்டுப் பளபளப்பாக்குவது என் பிழைப்பு. அதனால் அவனைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. திட்டாமல் இருந்த நாளும் கிடையாது.

சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டக்காரக் குடும்பம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டினான். அங்கே வேலை குறைந்தபோது முதலில் வெளியே அனுப்பியவர்களில் அவனும் ஒருத்தன். அன்றைக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி மாரியாத்தாள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தானாம். "நானொரு பட்டறை வெச்சா ஒருத்தனையும் இப்படி ஊட்டுக்கு அனுப்பமாட்டேன்" என்று அவளிடம் சொன்னான். சொன்னபடி பட்டறையும் வைத்தான். முதல் லேத்தை இறக்கும்போது கயிறு பிடித்த முஜீப்தான் முதல் ஆள். பிறகு ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஒருத்தனும் வெளியே போகவில்லை.

பாலுசாமி பைக்கில் செல்ஃப் பொத்தான் உண்டு. அதை அவன் தொட்டதே இல்லை. உதைத்துத்தான் கிளப்புவான். "அண்ணனுக்குப் பொத்தானத் தொட்டாக் கரண்ட் அடிக்குமுங்க" என்று பட்டறையே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்புறம் அந்தக் கெட்ட காலம் வந்தது. பைக் விற்பனை படுத்துவிட்டது. ஷோரூம்களில் வண்டி தூசி பிடித்து நின்றது. கம்பெனியே பாதி நாள் ஆலையை மூடியது. பாலுசாமிக்கு வரும் ஆர்டர் சுருங்கிச் சுருங்கி, ஒரு மாதம் வரவே இல்லை.

"பம்ப் சாமான் செய்யற வேலை கெடைக்குது, எடுத்துக்கடா" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"மிஷினையெல்லாம் அதுக்கு மாத்திப்போட்டா, நாளைக்கே கம்பெனி கிக்கர் கேட்டா என்ன பண்றது? புது மாடல் வருதாமா. கிருபாசங்கர் சொன்னாரு."

கிருபாசங்கர் அந்தக் கம்பெனியில் பாகங்கள் வாங்கும் அதிகாரி. நம்ம கோபிப் பக்கத்துப் பையன்தான். கோயமுத்தூர் வந்தால் பாலுசாமி வீட்டில்தான் சாப்பாடு. போனில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "புது மாடல் வருதுங்ணா. பாத்துக்கலாமுங்க."

"சரி, அதுல உன்ற கிக்கர் உண்டான்னு கேளு. எழுத்துல ஆர்டர் வாங்கு."

"அட, நீயொண்ணு! நம்மூட்ல கையக் கழுவிப்போட்டு உக்காந்து சாப்ட்ட பையன். எழுதிக் குடுன்னு கேட்டா நம்பலேன்னு ஆயிராதா? மனசு நோகுமல்ல."

இதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி. கழுத்துப் போனாலும் எதிராளி மனசு நோகக்கூடாது. புது மாடலுக்கு என்று நம்பி, ஆர்டர் இல்லாமலே செய்து அடுக்கினான். தோட்டத்தில் அவனுக்கு இருந்த பங்கும் அதற்கே போயிற்று. ஆள்கள் மட்டும் தினமும் வேலைக்கு வந்தார்கள். அது போதும் அவனுக்கு.

புது மாடல் வந்தது. ஆர்.எஸ்.புரம் ஷோரூமில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டதும், பட்டறைக்கு விடுமுறை விட்டு எல்லோரையும் சலவைச் சட்டை போட்டு வரச் சொன்னான். கையில் ஒரு முழம் மல்லிகை வேறு. என்னையும் இழுத்துப்போனான். வண்டி நன்றாகத்தான் இருந்தது, பாவி வண்டி. பாலுசாமி அதன் வலப்பக்கம் போய்க் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. பூவைக் கட்ட அங்கே ஒன்றுமில்லை.

"ஏனுங்க, கிக்கர்?" என்று முஜீப்தான் கேட்டார்.

விற்பனைப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "அதெல்லாம் இப்ப யாருங்க உதைக்கறாங்க? எடுத்துட்டாங்க. அதனாலதான் இந்த வெலைக்கே குடுக்க முடியுது சார்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கம்பெனியையும் ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தேவையில்லாததைக் கழித்தார்கள், விலையைக் குறைத்தார்கள், வண்டி மறுபடி ஓடியது, பிழைத்துக்கொண்டார்கள். அடுத்து ஆள்களைக் கழித்தபோது கிருபாசங்கரும் போனான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பாலுசாமிக்கு அதற்கும் வருத்தம்!

அதன் பிறகு அவன் செய்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. யாரிடமும் கை நீட்டாதவன், பம்ப் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, "நல்ல பசங்க, எடுத்துக்குங்க" என்று கெஞ்சினான். முன்பு தன்னை வெளியே தள்ளிய கம்பெனிக்கும் போனான். ஒவ்வொருத்தனாக இடம் பார்த்து அனுப்பினான். கடைசியில் முஜீப் மட்டும் நின்றார்.

அவர் புது வேலைக்குக் கிளம்ப வேண்டிய காலை, வழக்கம்போலப் பட்டறை வாசலில் வந்து நின்றுவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"நான் போகலீங்ணா. சும்மா தொணைக்கு இருக்கறனுங்க."

"மொத நாளே லேட்டாப் போனா என்ன நெனைப்பாங்க பாய்? கெளம்புங்க."

முஜீப் பைக்கில் ஏறிப் பொத்தானை அழுத்தினார். நனைந்த வண்டி உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி அழுத்தினார். சத்தமே இல்லை. அவர் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

"உதைங்க பாய்" என்றான் பாலுசாமி.

முஜீப் மடங்கிக் கிடந்த கிக்கரை வெளியே எடுத்து ஒரு உதை உதைத்தார். வண்டி பிடித்துக்கொண்டது.

"பாத்தியா திருமலை, ஒரே உதை! நம்ம சரக்கு" என்று பாலுசாமி என் பக்கம் திரும்பிச் சிரித்தான். முஜீப், "வாரேனுங்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். வண்டிச் சத்தம் தேய்கிறவரை அவன் சிரித்த முகமாகவே நின்றான். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

எத்தனை ஆயிரம் கிக்கருக்கு இந்தக் கையால் முலாம் போட்டிருப்பேன். அன்றைக்கு அந்த ஒன்று மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணியிருக்கக் கூடாதா?