செட்டைத் திறந்து விடுங்க

வாக்கி-டாக்கி பழுது பார்க்கிற எனக்கு, நன்றாக இருக்கும் செட்டோடு வருகிறவரைக் கண்டால்தான் பயம். ஒடுகத்தூரில் மலையடிவாரத்தில் கடை, கையில் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு அரசு தரும் ஹாம் லைசென்ஸ். ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் மட்டும்தான் எங்கள் செட் பேசலாம். உள்ளே கைவைத்து வேறு அலைவரிசையில் பேச வைப்பதைத்தான் 'திறந்து விடுவது' என்போம்; செய்தால் லைசென்ஸ் போகும், கேஸும் வரும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

புது செட்டு

டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் புது செட்டை மேஜையில் வைத்தார். மலையில் வனக்காவலர்கள் பேசும் அலைவரிசையில் அது கேட்கவும் பேசவும் வேண்டுமாம். மலையில் சந்தன மரம் இன்னும் மிச்சமிருக்கிறது. முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதவருகே நின்று சொன்னார்:

"நீங்க செய்யலன்னா இன்னா, செஞ்சீங்கன்னு நான் வெளிய சொன்னா போச்சு."

தீக்காலம்

வெள்ளையன் கோடையில் மலைமேல் தனியாக நின்று தீ பார்க்கிற தற்காலிக வனக்காவலர். அவருடைய செட் செத்துவிட்டது. அவர் நிற்கிற இடத்தில் போனும் எடுக்காது. என் ஹாம் செட்டிலேயே வனத்துறை அலைவரிசையைப் போட்டுத் தரச் சொன்னார். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"நானே என் செட்டோட உங்ககூட வர்றேன். என் அலைவரிசையில நான் பேசறேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தீ வந்தா ஓடணும் சார். இந்த வயித்தத் தூக்கிக்கினு ஓடுவீங்களா?"

ஓடினேன்

மலைமேல் நாங்கள் காவல் நிற்கையில் பள்ளத்தில் புகை எழுந்தது, காற்று எங்கள் பக்கம் அடித்தது. வேலூரிலிருக்கும் ஹாம் நண்பரைக் கூப்பிட்டேன். வெள்ளையன் இடம் சொல்லச் சொல்ல நான் பேசினேன். நண்பர் வனத்துறை ரேஞ்சருக்குப் போன் செய்தார். சருகு எரிகிற சத்தம் நெருங்கியதும் வெள்ளையன் என்னை இழுத்துக்கொண்டு மொட்டைப் பாறைக்கு ஓடினார். செத்தோம் என்றே நினைத்தேன். ஆட்கள் வந்து பச்சைத் தழையால் அடித்தே தீயை அணைத்தார்கள்.

கரி படிந்த முகத்தோடு ரேஞ்சர் நேராக என்னிடம் வந்து செட்டைப் பிடுங்கினார். நான் செட்டைத் திறந்து விடுகிறேன் என்று டிராக்டர்காரர் சொன்னபடியே புரளியைக் கிளப்பியிருந்தார். ரேஞ்சர் தங்கள் அலைவரிசை எண்ணைப் போட்டுப் பேசும் பொத்தானை அழுத்தினார். செட் ஊமையாக இருந்தது. மறுபடி அழுத்தினார். ஒன்றுமில்லை. அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்:

"வெள்ளையனுக்கு வேற செட்டு வர்ற வரைக்கும் இதுல நம்ம சேனலப் போட்டுக் குடுங்களேன், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சட்டம் தெரியாமல் வருகிறவர்களை எப்படியோ சமாளித்துவிடலாம், தெரிந்தவர்கள் வந்து கேட்டால்தான் லைசென்ஸைக் காப்பாற்றுவது பெரும்பாடு.