கிணற்றடியில் ஏறிய வெள்ளைத் துணி

அறுபதுகளின் கடைசி. நெடுந்தீவில் முந்திய மாரிமழை ஏமாற்றிவிட்ட ஒரு ஆவணி மாதம். எனக்கு எழுத வராது. பேத்தி எழுத, நான் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் ஒரு பூவரசந்தடி. என் தகப்பனின் அண்ணன், பெரியப்புவின் நல்ல தண்ணீர்க் கிணற்றைக் காப்பதுதான் வேலை.

எங்கள் தீவில் எங்கே தோண்டினாலும் பெரும்பாலும் உவர்தான். மாடுகூட முகத்தைத் திருப்பும். அந்தக் கிணறு மட்டும் இளநீர் மாதிரி. அதைத் தொடக்கூடாது என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த சனம், குடத்தோடு கல்மதிலுக்கு வெளியே காத்து நிற்கும். எங்களில் யாராவது மனம் வந்து அள்ளி ஊற்றவேண்டும்.

அந்த மாதம் பட்டணத்தில் படிக்கிற பெடியள் சிலர் வந்து சமத்துவம், உரிமை என்று கிணற்றடியில் கோஷம் போட்டார்கள். கல்லெறிந்து துரத்தினோம். நானும் எறிந்தேன். பெரியப்புவுக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தச் சனத்துக்கு இனி ஊற்றவும் கூடாது என்றுவிட்டார். மூன்று நாள் போனது. உவர் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் தடியோடுதான் நின்றேன்.

நான்காம் நாள் காலை அவர்களில் ஒரு பெண் வந்தாள். ஓலை பின்னுகிறவள். இடுப்பில் குடம், கையில் வள்ளம் தாங்கும், அதாவது படகை ஊன்றித் தள்ளும், நீளக் கம்பு, அதன் நுனியில் வெள்ளைத் துணி. மதிலுக்கு வெளியே நின்று கம்பை உயர்த்தினாள்.

பெரியப்புவின் மருமகன் சிரித்தான். “என்னடி, கிணத்தடியிலை கப்பலோ ஓடுது?”

வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் கடலில் தண்ணீர் முடிந்த வள்ளம் வெள்ளைத் துணி உயர்த்தும். கண்டவன் தன் வள்ளத்தின் பாயைத் திருப்பிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தே ஆகவேண்டும். என்ன சாதி என்று கேட்கக்கூடாது. பெரியப்புவே ஒருமுறை காற்று விழுந்து இரண்டு நாள் கடலில் கிடந்து, வேட்டியைக் கிழித்து உயர்த்தித் தப்பியவர். அந்தக் கதையை அவர் சொல்லாத கலியாண வீடு இல்லை. “நெடுந்தீவார் தண்ணி இல்லையெண்டு சொல்லமாட்டினம்” என்றுதான் முடிப்பார்.

சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார்.

“ஆரடி துணி தூக்கினது?”

“நான்தான் ஐயா. தண்ணி முடிஞ்சுது.”

கம்பை அவள் இறக்கவில்லை. பெரியப்பு துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, “பாயைத் திருப்படா” என்றார்.

தடியைப் போட்டுவிட்டு அள்ளிய வாளியோடு போனேன். அவள் குடத்தை நீட்டவில்லை.

“ஊத்த வேண்டாம் தம்பி. கடலிலை ஊத்திறேல்லை, தண்ணிப் பீப்பாவையே தூக்கித் தருவினம். ஐயாவைக் கேளும்.”

மருமகன் பாய்ந்தான். பெரியப்பு கையைக் காட்டி நிறுத்தினார். “ஓம். எனக்கும் அப்பிடித்தான் தந்தவை.”

வாளியையும் கயிற்றையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் உள்ளே வந்தாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தத்துக்கு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நிமிர்ந்தால், மதிலுக்கு அப்பால் ஒவ்வொரு குடமாக எழும்பி வருகிறது.

பெடியள் கேட்டதும் அவள் கேட்டதும் ஒன்றுதான். அவர்களுக்குக் கல்லெறிந்த எனக்கு, எங்கள் பெருமையையே கம்பில் கட்டி உயர்த்தியவளுக்கு எதை எறிவது என்று இன்றைக்கும் தெரியவில்லை.