தாய்மாமன் மடிக்குக் கெடு

மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன், என் மனைவியின் அண்ணன், குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டேனாம். அனுப்பினேன்தான். ஏலக்காய் சீசனில் கடையைப் போட்டுவிட்டு எவன் மலையேறுவான்?

மனைவி அழுதேவிட்டாள். “எங்கண்ணன் மடியில்லாம எம்பிள்ளைக்குக் காது குத்துனா ஊரு சிரிக்காதா? என்ன செய்வீகளோ, வரவைங்க.”

போனில் ஒரு ஏஐ வைத்திருக்கிறேன். வடநாட்டு வியாபாரிகளுக்கு விலை பேசி எழுதித் தருவது அதுதான். வேறு விஷயத்துக்கு வேறு உரையாடல் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, சோம்பேறித்தனம். காலையில் ஏலக்காய் விலையை முடிக்காமல் இழுத்தடித்த ஒரு வியாபாரிக்கு எழுதிய அதே உரையாடலின் அடியிலேயே, ‘மச்சான் கோபமாக இருக்கிறார், மடி தர வரவேண்டும், பணிவாக எழுது’ என்று தட்டினேன். முதல் இரண்டு வரி தேனாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மனைவி மீதியையும் சத்தமாகப் படித்தாள்.

“உங்கள் மடியே எங்கள் முதல் தேர்வு. இருப்பினும் வேறு இருவர் ஆர்வமாக உள்ளனர். நாளை மாலைக்குள் உறுதிசெய்தால் உங்களுக்கே ஒதுக்கிவைக்கிறோம்.”

அடக் கடவுளே! காலையில் வியாபாரிக்கு வைத்த அதே கெடு!

“எட்டு எம்எம் ஏலக்காயையும் ஆறு எம்எம் காயையும் ஒரே சாக்குல கொட்டுவீகளா?” என்று கத்தினாள். “கடைக்கு ஒண்ணு, சொந்தத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வைக்க என்ன கேடு?”

அப்போதே ‘ஏலக்காய்’, ‘சொந்தம்’ என்று இரண்டு உரையாடலாகப் பிரித்து வைத்தேன். விடிந்ததும் வெற்றிலை பாக்கோடு மலையேறிக் காலில் விழுவது என்று முடிவு செய்தேன்.

விடிந்தபோது வாசலில் ஜீப்பு நின்றது.

“மாப்ளே! எவன்யா அந்த ரெண்டு பேரு?” தெருவே எட்டிப் பார்த்தது. “நான் உசுரோட இருக்கையில எம்மருமகளுக்கு வேற எவன் மடி?”

காதுகுத்து முடிந்த பிறகும் அவர் பிள்ளையை இறக்கிவிடவில்லை. பந்தியில்கூட மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். வருகிறவன் போகிறவனையெல்லாம் முறைத்தார்.

போன மாதம் மச்சானுக்கு மறுபடியும் ஏதோ கோபம். நான் ஒழுங்காக ‘சொந்தம்’ உரையாடலைத் திறந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அதுல வேணாங்க. ஏலக்காய்ல கேளுங்க.”