கையை விரித்த நாள்

டீலர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சீட்டைத் தொடுவதற்கு முன்பே எனக்குக் கற்றுக்கொடுத்தது கையை விரிப்பதைத்தான். கேசினோவில் மேசையை விட்டு நகரும்போது டீலர் இரண்டு கையையும் ஒருமுறை தட்டி, மேலே இருக்கும் கேமராவுக்கு விரித்துக் காட்ட வேண்டும். எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று அர்த்தம். மலாக்கா பக்கம் எங்கள் ஊரான லூபோக் சீனாவில் கையை விரித்தால் ‘இல்லை, போ’ என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறு வருடம் கழித்து அண்ணன் ஃபோன் செய்தார். அப்பா போன பிறகு லாரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். அந்த லாரியையே பந்தயம் வைத்து மலாக்காவில் ஓர் ஆளிடம் தோற்றிருந்தார். புத்தி கெட்ட வேலைதான், ஆனால் அண்ணன் ஆயிற்றே. நான் ஒரு தடவை சீட்டைச் சரியாகக் கலக்காமல் விட்டால் முந்தைய ஆட்டத்தின் வரிசை அப்படியே வரும், அதைக் கவனித்து வைத்து அந்த ஆள் ஜெயிப்பான், லாரியைத் திருப்பிக் கொடுப்பான் என்றார். முடியாது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை பகலில் அண்ணனும் அந்த ஆளும் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆள் லாரிச் சாவியை எடுத்து எனக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தான். மாரியம்மன் கோயிலில் நான் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு அதில் அப்படியே இருந்தது.

“ஒரு தடவதான் லா, தங்கச்சி,” என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

சொந்தக்காரர் மேசைக்கு வந்தால் டீலர் சொல்லியே ஆக வேண்டும். மேசைகளைக் கவனிக்கும் பிட் பாஸைக் கூப்பிட்டு, இவர் என் கூடப் பிறந்த அண்ணன், என்னை மாற்றிவிடுங்கள் என்றேன். கையைத் தட்டி விரித்தேன். கேமரா பார்த்தது. அண்ணனும் பார்த்தார். அந்த ஆள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். லாரி போனது போனதுதான்.

லீவு கேட்டு அண்ணனுடன் நானும் பஸ் ஏறினேன். மலாக்காவில் இறங்கியதும் அண்ணன் இரண்டு கையையும் என் முன்னால் விரித்தார்.

“பாரும்மா, எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல.”

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்கு நடந்தேன்.

இப்போது அவர் மலாக்காவை ஒட்டிய செங்கில் ஒரு கம்பெனி லாரி ஓட்டுகிறார். அந்தச் சாவிக்கும் கயிறு நான்தான் கட்டினேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, சொந்தக்காரருக்குக் கையை விரிக்கும் நாள் உங்களுக்கும் வரலாம். யோசிக்காமல் விரியுங்கள். ஆனால் அன்றைக்கு அவரைத் தனியாக பஸ் ஏற்றிவிடாதீர்கள்.