ஏழாம் எண் சாவி

இன்று காலை என் கைக்குழந்தை ஒரு சாவியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். துரு வயிற்றுக்குள் போயிருக்குமோ என்று அவன் நாக்கை இரண்டு முறை பார்த்தேன், ஒன்றுமில்லை. மூன்றாம் முறையும் பார்த்தேன். பிறகுதான் சாவியோடு தொங்கிய தகர வில்லையில் ஏழு என்ற எண் கண்ணில் பட்டது. அதைப் பார்த்தால் போதும், என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, கையில் முருங்கைக் கிளையோடு நின்ற கோலம் நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது என் மூத்த மகளுக்கு ஆறு மாதம். ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தில் எங்கள் குடிசைக்கும் ஓரகத்தியின் குடிசைக்கும் நடுவே ஓர் ஓலைத் தடுப்புதான். மழைக்காலத்தில் தரை ஊறிவிடும். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுக்கும். அவள் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டே சமைப்பேன். வீடு கட்டித் தர அரசாங்கம் புதிதாக அமைத்த கழகம் ஒன்று திருப்பாலைவனம் சாலையோரம் மேட்டு நிலத்தில் 'தோட்ட நகரம்' என்று பலகை நட்டபோது, அந்தப் பலகையையே கும்பிடத் தோன்றியது எனக்கு. நடுவில் பூங்கா, சுற்றிலும் ஓட்டு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் தோட்டம், தெருவுக்குத் தெரு குழாய். ஆனால் முதல் கட்டத்தில் எங்கள் குப்பத்தில் பாதிக் குடும்பங்களுக்குத்தான் வீடு. யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். எங்களுக்கு ஏழாம் எண் விழுந்தது. ஓரகத்திக்கு விழவில்லை.

கிடைக்காதவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று கழகத்து அதிகாரி இரண்டு போலீஸ்காரர்களை அழைத்து வந்திருந்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தபடி கலைந்தார்கள். "இவ்வளவு நல்ல ஜனங்களை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் வியந்துபோனார்.

காரணம் வேறு. ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களை நாங்கள் பாடு என்போம். யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுப்போம். பிறகு முறை வைத்துச் சுற்றி வருவோம். இன்று நல்ல இடம் உனக்கு, நாளை எனக்கு. தன் முறை முடிந்தும் இடத்தை விடாதவனை ஊர் ஒதுக்கி வைக்கும். சீட்டுப் போட்டால் முறை சுற்றி வரும் என்பதுதான் எங்கள் ஜனங்கள் கண்ட உலகம். இந்த வருஷம் இவர்கள் குடியிருப்பார்கள், அடுத்த வருஷம் நாம் என்று எல்லோரும் தாமாகவே எண்ணிக்கொண்டார்கள்.

சாவியோடு தந்த உத்தரவை மற்றவர்கள் படிக்காமல் மடித்து வைத்துவிட்டார்கள், நான் வீட்டுக்கு வந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: ஒதுக்கீடு பெற்றவருக்கும் வாரிசுகளுக்கும் நிரந்தர உரிமை. இரண்டு முறை படித்துவிட்டு அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். சொன்னால் ஊர் என்ன செய்யுமோ, வீடு போய்விடுமோ. சொல்லாவிட்டால் நான் யார்? குழந்தை இருமும்போது சொல்லக் கூடாது என்றும், தூங்கும்போது சொல்ல வேண்டும் என்றும் தோன்றும்.

நான்காம் நாள் ஓரகத்தி என்னை இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனாள். பின்புறம் மண்ணைக் கிளறி, கொண்டுவந்த முருங்கைக் கிளையை நட்டாள்.

"நான் குடி வர்றப்போ இது காய்க்கும். தெனம் தண்ணி ஊத்து. செவுத்துல கண்ட எடத்துல ஆணி அடிச்சி வெக்காத, இன்னா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அக்கா, இது சுத்தி வராது. எங்களுக்கே எழுதிட்டாங்க" என்றேன்.

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டவே இல்லை. "எத்தினி நாளா தெரியும்?"

"நாலு நாளா."

"அதான் செத்த மடவ மீனாட்டம் மூஞ்ச வெச்சிக்கினு சுத்தினியா!" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "பத்தாவது படிச்சவளே, வா. ஊர்ல சொல்லு" என்று என் கையைப் பிடித்தாள்.

ஊர் கூடியது. உத்தரவை உரக்கப் படித்தேன். வீடு கிடைத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முறை இல்லாத சீட்டை எப்படி ஏற்பது? முடிவுக்கு அதிக நேரம் ஆகவில்லை: எல்லோருக்கும் வீடு வரும்வரை யாருக்கும் வேண்டாம், சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மறுநாள் எல்லோரும் கழகத்து அலுவலகத்துக்குப் போனோம். யார் முதலில் சாவியை வைப்பது என்று தயங்கி நின்றபோது, இடுப்பில் குழந்தையோடு நான் முன்னே போய் ஏழாம் எண்ணை மேசைமேல் வைத்தேன். வைத்த விரலை எடுக்கத்தான் நேரமானது. பின்னாலேயே ஒவ்வொன்றாக விழுந்தன.

அதிகாரி எழுந்துவிட்டார். "வேண்டாம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம். திறப்பு விழாவுக்குப் பந்தல்கூடப் போட்டாகிவிட்டது!"

"காலி வூட்ட தொறந்துட்டுப் போங்க சார்" என்றாள் ஓரகத்தி. "மாலைய யார் கழுத்துல போடுவீங்க? குழாய்க்கா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பை அடக்கி உதடு துடித்ததைப் பார்த்தேன்.

பந்தலைப் பிரித்தார்கள். அடுத்து வந்த மழைக்காலம் முழுவதும், குழந்தைக்கு இழுக்கும்போதெல்லாம், அவசரப்பட்டுவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஓரகத்தி தவிட்டைச் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி என் மகளின் நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுப்பாள். தை பிறந்ததும் கழகத்து ஜீப் வந்தது. மேலிடத்தில் ஒத்துக்கொண்டார்களாம்: மீதி வீடுகளையும் கட்டி முடித்த பிறகே திறப்பு விழா.

சொன்னபடி கட்டினார்கள். மறு குலுக்கலில் ஏழாம் எண்ணை மட்டும் போடக் கூடாது, அது முருங்கை நட்டவளுக்கு என்று நான் கேட்டேன். ஊரே ஆமாம் போட்டது. எனக்கு எட்டு விழுந்தது. குடிபோன நாளில் கோட்டைக்குப்பத்திலிருந்து பானை, பாய், வலை, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மொத்தக் குப்பமும் ஒரே வரிசையாக நடந்தது. ஏழாம் வீட்டு முருங்கை அப்போது பூத்திருந்தது.

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. மழை பெய்தாலும் மூச்சு இழுப்பதில்லை. நான்தான் பழக்கத்தில் இன்னும் எண்ணுகிறேன். சாவியைப் புடவையில் துடைத்து வைத்தேன். மீன் விற்கப் போகும்போது ஓரகத்தி தினமும் என்னிடம்தான் அதைக் கொடுத்துவிட்டுப் போவாள். மதியம் வெறுங்கூடையோடு திரும்பியவள் வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னாடி, என் வூட்டுச் சாவி எங்க?"

"உங்க கொழுந்தன் புள்ள தின்னப் பாத்தான்க்கா."

"தின்னட்டுமே. வூட்டயா தின்னுடப் போறான்?"